கல்லைக் கடிக்கும் பல்

க்ரீன்வேஸ் ரோடு சிக்னல், காலை ஒன்பதரை. பங்களா ஒன்றிலிருந்து அமைச்சரின் கார் வெளியே வர வேண்டும் என்பதற்காகப் போக்குவரத்துக் காவலர் கையை நீட்டி அத்தனை வண்டிகளையும் நிறுத்தியிருக்கிறார். ஆந்திர மகிளா சபாவுக்குப் போகும் ஆட்டோ ஒன்று ஹாரனை விடாமல் அழுத்துகிறது. திரு.வி.க. பாலத்துப் பக்கமிருந்து அடையாற்றின் வாடை காற்றோடு வந்து போகிறது. ராஜா அண்ணாமலைபுரத்தின் வழக்கமான காலை.

இந்தச் சாலைக்குக் கீழே வேலை நடந்த நாட்களை நினைத்துப் பாருங்கள். நாலைந்து மாடிக் கட்டடத்தைத் தலைகீழாகக் கவிழ்த்தால் எட்டுகிற ஆழம். பீப்பாய் மாதிரி ஓர் இரும்பு அறை. உள்ளே சில பேர். கதவு இறுகச் சாத்தியாயிற்று. காற்றழுத்தம் கொஞ்சம் கொஞ்சமாக ஏறுகிறது. காது அடைக்கிறது, மூக்கைப் பிடித்துக்கொண்டு ஊதிச் சரிசெய்கிறார்கள். முன்னால் இருக்கும் சேறும் நீரும் பாய்ந்துவிடாமல் தடுத்து நிறுத்தப்போவது அந்தக் காற்றுதான். அழுத்தம் சமமானதும் அடுத்த கதவு திறக்கிறது. ஈரம் சொட்டும் மண்ணும் கல்லும் கலந்த சுவர். அதன் முகத்தோடு முகம் வைத்து நிற்கிறது ஆறரை மீட்டருக்கும் மேல் குறுக்களவுள்ள ஓர் இரும்புத் தட்டு. அதில் தேய்ந்துபோன சக்கரம் ஒன்றைக் கழற்றிவிட்டுப் புதியதை மாட்ட வேண்டும். சக்கரம் நூறு கிலோவைத் தாண்டும். மாட்டிய கையோடு வெளியே ஓடி வந்துவிடவும் முடியாது. ஆழ்கடலில் மூழ்கியவர் மேலே வருவதுபோல, அழுத்தத்தைப் படிப்படியாக இறக்கித்தான் வர வேண்டும்.

சுரங்கம் குடையும் இயந்திரத்துக்குப் பல் மாற்றுவது இப்படித்தான். சென்னை மெட்ரோவின் இரண்டாம் கட்டத்தில், க்ரீன்வேஸ் ரோட்டிலிருந்து ஆற்றுக்கு அடியே அடையாறு சந்திப்பு வரை ‘காவேரி’ என்ற இயந்திரம் குடைந்த தூரம் சுமார் 1.2 கிலோமீட்டர். பாலத்தின் மேல் நடந்தால் கால் மணி நேரம். 2023 பிப்ரவரியில் கிளம்பிய காவேரி 2024 செப்டம்பரில்தான் போய்ச் சேர்ந்தது. பத்தொன்பது மாதம்.

ரயில் எப்போது ஓடும் என்று சென்னை கேட்டுக்கொண்டிருந்த அதே காலத்தில், மேலூரில் எங்கள் மலையைத் தொடாதே என்று சனம் சாலைக்கு வந்தது. திருச்செங்கோட்டு போர்வெல் வண்டி எங்கோ ஒரு வீட்டு வாசலில் ஆயிரம் அடியைத் தாண்டித் தண்ணீர் தேடிக்கொண்டிருந்தது. மூன்றையும் கட்டும் கயிறு ஒன்று உண்டு. பாறையைக் கடிக்கும் பல், அந்தப் பல்லின் நுனியில் உட்கார்ந்திருக்கும் ஓர் உலோகம்.

பாதி இட்லி, பாதி கருங்கல்

சென்னைக்குக் கீழே ஒரே சீரான மண் கிடையாது. அடையாற்றுப் படுகையில் ஆறு கொண்டுவந்து கொட்டிய களிமண்ணும் மணலும் மேலே. கீழே சார்னோகைட் என்ற பழம்பெரும் கருங்கல். பல்லாவரத்திலும் பரங்கிமலையிலும் தலைகாட்டும் அதே கல்தான். கொல்கத்தாவை நிறுவியவராகச் சொல்லப்படும் ஜாப் சார்னோக்கின் கல்லறைப் பலகை இந்தப் பக்கத்துக் கல். அதை ஆராய்ந்த புவியியலாளர் ஹாலந்து, 1893-ல் கல்லுக்கே அவர் பெயரைச் சூட்டிவிட்டார். சென்னைக் கல்லுக்குக் கொல்கத்தாக்காரர் பெயர்!

வீட்டுத் தூணின் கான்கிரீட்டைவிடப் பல மடங்கு உறுதியான இந்தக் கல்லை இயந்திரம் அறுப்பதில்லை, நசுக்குகிறது. தட்டின் முகத்தில் வரிசையாக உருளும் எஃகுச் சக்கரங்கள், ஒவ்வொன்றும் 20, 25 டன் வரை எடையோடு பாறையை அழுத்திக்கொண்டே சுற்றும். சக்கரம் போன தடத்துக்கு அடியில் பாறை பொடிந்து, பக்கவாட்டில் விரிசல் ஓடும். பக்கத்துத் தடத்தின் விரிசலும் இதுவும் சந்திக்கும் இடத்தில் பாறை சில்லுச் சில்லாகப் பெயர்ந்து விழும். அம்மி கொத்துகிறவர் உளியை எங்கே வைத்தால் சில்லு பெயரும் என்று கையால் அறிவார். சக்கரங்களுக்கு இடையே எத்தனை சென்டிமீட்டர் விட வேண்டும் என்று பொறியாளர் போடும் கணக்கும் அதே விஷயம்தான்.

முழுக்கப் பாறை என்றால் சிக்கல் குறைவு. முழுக்கக் களிமண் என்றாலும் சமாளிக்கலாம். தட்டின் மேல்பாதி களிமண்ணிலும் கீழ்பாதி கல்லிலும் இருக்கும்போதுதான் வினை. களிமண்ணில் சக்கரத்துக்குப் பிடிமானம் இல்லை. உருளாமல் அப்படியே இழுபடும். அடுத்த நொடி கீழே வந்து கல்லில் ‘டங்’கென்று மோதும். இப்படியே தட்டு சுற்றச் சுற்ற, சக்கரம் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்து தட்டையாகும். ஒரு பக்கம் தட்டையானது அப்புறம் உருளவே உருளாது. ஒன்று நின்றால் அதன் சுமை பக்கத்துச் சக்கரத்துக்கு ஏறும், அதுவும் சாகும்.

பல் போவது இயந்திரத்தோடு முடிந்துவிடுவதில்லை. பல் மழுங்கினால் முன்னேற்றம் குறையும். கீழ்ப்பாறை வழிவிடாமல் நிற்க, மேலே உள்ள இளகிய மண் மட்டும் அளவுக்கு மேல் உள்ளே வந்துகொண்டே இருக்கும். அந்த வெற்றிடம் தெருவில் பள்ளமாகவோ சுவரில் விரிசலாகவோ எழுந்து வரும். சுரங்கப் பாதையை ஒட்டிய கட்டடங்களை முன்கூட்டியே படமெடுத்து வைப்பதும், சுவரில் சின்னக் கண்ணாடி முப்பட்டகங்களை ஒட்டுவதும், சாலையில் ஆணி அறைந்து அதன் உயரத்தை நாள்தோறும் அளப்பதும் இதற்காகத்தான். ராஜா அண்ணாமலைபுரத்து வீட்டுக்காரர் ஒருவரின் நிம்மதி, இருபது மீட்டருக்குக் கீழே ஒரு சக்கரம் உருளுகிறதா இழுபடுகிறதா என்பதைப் பொறுத்தது.

ஒரு விசித்திரம். காவேரி, அடையாறு, ஃபிளமிங்கோ, ஈகிள், பெலிகன், பீகாக் என்று இந்த இயந்திரங்கள் பலவற்றுக்கு ஆறுகளின், பறவைகளின் பெயரைச் சூட்டியிருக்கிறோம். வெளியே வரும் நாளில் கைதட்டல், கேமரா, மாலை. கழற்றிப் போட்ட பற்களை யாரும் படமெடுப்பதில்லை.

■ பெட்டிச் செய்தி: எந்தக் கல்லுக்கு எந்தப் பல்?

உருளும் சக்கரம்: மெட்ரோ சுரங்கத்துக்கு. உடல் கடினப்படுத்திய எஃகு. பரவலான அளவு 17 அங்குலக் குறுக்களவு.

சுரண்டி: அதே தட்டில், இளகிய மண்ணை வழித்தெடுக்க. முனையில் டங்ஸ்டன் கார்பைடு பதித்திருக்கும்.

பட்டன் பிட்: போர்வெல்லுக்கும் குவாரி வெடிக்குழிக்கும். எஃகுத் தலையில் சுண்டைக்காய் அளவுக் கார்பைடு குமிழ்கள்.

கூம்புப் பல்: நிலக்கரிச் சுரங்கத்தின் வெட்டு இயந்திரத்துக்கு. கேரட் போன்ற எஃகு, நுனியில் கார்பைடு.

வாளிப் பல்: நெய்வேலியில் சுழலும் வாளிச் சக்கரத்துக்கு. பழுப்பு நிலக்கரிக்கு மேலே கிடக்கும் கடலூர் மணற்பாறை உப்புத்தாள் மாதிரி உரசும் சரக்கு. பல்லை வேகமாகத் தின்றுவிடும்.

வைரக் கம்பி: கிரானைட் குவாரியில் பாளம் அறுக்க. இரும்புக் கயிற்றில் வைரத்தூள் மணிகளைக் கோத்தது.

வாசலில் அதிரும் வண்டி

மெட்ரோ இயந்திரத்தைக் கண்ணால் பார்த்தவர்கள் குறைவு. போர்வெல் வண்டியைப் பார்க்காத தமிழர் இருக்க முடியாது. டி.என். 34 என்று தொடங்கும் திருச்செங்கோட்டுப் பதிவெண்ணோடு, பக்கவாட்டில் அம்மன் பெயரோ முருகன் பெயரோ எழுதிய அந்த வண்டிகள் இந்தியாவின் மூலைமுடுக்கெல்லாம் ஓடுகின்றன. வறட்சிப் பூமியில் லாரித் தொழிலும் லேத் பட்டறையும் சேர்ந்து பெற்ற பிள்ளை அது. துளையிடும் வண்டியைக் கட்டுவது, ஓட்டுவது, பழுது பார்ப்பது, பிட்டைத் தீட்டுவது எல்லாம் ஒரே ஊரைச் சுற்றி.

வண்டியோடு கூட வரும் கம்ப்ரஸர்தான் உயிர். அழுத்திய காற்று ராடு வழியாகக் கீழே இறங்கி, குழியின் அடியில் இருக்கும் ஹேமருக்குள் ஓர் இரும்புத் தண்டை நிமிடத்துக்கு ஆயிரம் தடவைக்கு மேல் அடிக்கவைக்கும். அந்த அடி நேரே பிட்டுக்கு, பிட்டிலிருந்து பட்டன்களுக்கு, பட்டனிலிருந்து பாறைக்கு. பொடிந்த கல்லை அதே காற்று மேலே தள்ளும். தெரு முழுக்க வெள்ளைப் புகையாகப் படிவது அதுதான். அடிக்கு இவ்வளவு என்று கூலி பேசுகிற தொழில் இது. பட்டன் தட்டையாகிவிட்டால் அடி குறையும், டீசல் கூடும், லாபம் புகையோடு போகும். எனவே நல்ல ஓட்டுநர் சத்தத்தை வைத்தே பட்டனின் நிலையைச் சொல்லிவிடுவார். வண்டியைச் சுற்றி ராடு மாட்டுகிறவர்களில் பலர் இன்று வட மாநிலங்களிலிருந்து வந்த இளைஞர்கள். வாயில் ஒரு துண்டைக் கட்டியிருப்பார்கள். பலருக்கு அதுவும் இல்லை.

நம் பாறை எவ்வளவு இறுக்கமானது என்பதை நாடே ஒரு தீபாவளிக்குப் பார்த்தது. 2019 அக்டோபர் 25 அன்று மணப்பாறை அருகே நடுக்காட்டுப்பட்டியில் இரண்டு வயதுக் குழந்தை ஆழ்துளைக் கிணற்றில் விழுந்தது. பக்கத்தில் இன்னொரு குழி போட்டுப் போய் எடுக்கலாம் என்று ரிக் வந்தது. பாறை வழிவிடவில்லை. அதைவிடச் சக்தி வாய்ந்த இன்னொரு ரிக் வந்தது. அதற்கும் வழிவிடவில்லை. பண்டிகை நாளில் பலகாரத் தட்டைத் தொடாமல் தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்திருந்த வீடுகள் எத்தனையோ. 29-ம் தேதி விடியலுக்கு முன் குழந்தையின் உடலைத்தான் எடுக்க முடிந்தது.

நான்கு ஆண்டு கழித்து, 2023 நவம்பரில், உத்தரகாண்டின் சில்க்யாரா சுரங்கப் பாதை இடிந்து 41 தொழிலாளர்கள் சிக்கினார்கள். மீட்புக்குப் போன கருவிகளில் திருச்செங்கோட்டில் செய்ததும் உண்டு. அமெரிக்காவில் செய்த பெரிய துளை இயந்திரம் இடிபாட்டுக்குள் கிடந்த இரும்புக் கம்பிகளில் சிக்கி உடைந்தது. கடைசிச் சில மீட்டரை எலிவளைச் சுரங்கத் தொழிலாளர்கள் கையால் தோண்டினார்கள். பதினேழாம் நாள் 41 பேரும் உயிரோடு வந்தார்கள். பல் உடைந்த இடத்தில் கை வேலை செய்தது.

வைரம் மாதிரி ஒன்று

இத்தனை அடியைத் தாங்கும் அந்தச் சுண்டைக்காய்க் குமிழ் எதனால் ஆனது?

கொல்லர் பட்டறையில் தினம் தினம் பதம் பார்த்த உளிதான் ஆயிரம் ஆண்டுகளாக நம் கல்வேலையின் பல். நூறு ஆண்டுக்கு முன் அந்தக் கதை மாறியது. பல்புக்கு டங்ஸ்டன் இழை இழுக்கும் அச்சு சீக்கிரம் தேய்ந்துபோகிறதே என்று ஜெர்மனியின் ஒஸ்ராம் நிறுவனம் தவித்தது. அங்கே வேலை பார்த்த கார்ல் ஷ்ரோட்டர், டங்ஸ்டன் கார்பைடு தூளைக் கோபால்ட்டோடு சேர்த்து அழுத்திச் சுட்டார். 1923-ல் காப்புரிமை. அதை வாங்கிய க்ருப் நிறுவனம் சில ஆண்டுகளில் சந்தைக்கு விட்டபோது வைத்த பெயர் ‘விடியா’. ஜெர்மன் மொழியில் ‘வைரம் போல’ என்பதன் சுருக்கம். இன்று பாறை துளைக்கும் பட்டனில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் டங்ஸ்டன் கார்பைடு, மிச்சம் கோபால்ட். கார்பைடு அரிசி என்றால் கோபால்ட் வெல்லப்பாகு. உருண்டை பிடிக்க அது வேண்டும். அந்தக் கோபால்ட்டில் பெரும்பகுதி காங்கோவிலிருந்து வருகிறது என்பது தனிக் கதை.

■ பெட்டிச் செய்தி: டங்ஸ்டன் ஜாதகம்

உருகுநிலை 3,422 டிகிரி செல்சியஸ், உலோகங்களிலேயே அதிகம்.

அடர்த்தி ஏறக்குறையத் தங்கத்துக்குச் சமம். தங்கக் கட்டிக்குள் டங்ஸ்டனை ஒளித்து ஏமாற்றும் மோசடி உலகில் உண்டு; தராசு காட்டிக்கொடுக்காது.

உலகில் வெட்டியெடுப்பதில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் சீனாவிலிருந்து.

இந்தியாவில் ராஜஸ்தானின் தேகானாவில் ஒரு காலத்தில் வெட்டினார்கள். 1990-களில் அது நின்றது.

2023-ல் மத்திய அரசு வெளியிட்ட 30 முக்கியக் கனிமங்களின் பட்டியலில் டங்ஸ்டனும் உண்டு.

மேலூர் சொன்ன ‘வேண்டாம்’

இந்தப் பட்டியல்தான் மதுரை மாவட்டத்தின் கதவைத் தட்டியது. 2023-ல் திருத்திய சுரங்கச் சட்டப்படி, முக்கியக் கனிமங்களின் ஏலத்தை மத்திய அரசே நடத்தலாம். 2024 நவம்பரில் வெளிவந்த ஏல முடிவில், மேலூர் தாலுகாவின் நாயக்கர்பட்டி டங்ஸ்டன் தொகுதி ஹிந்துஸ்தான் ஜிங்க் நிறுவனத்துக்கு என்றிருந்தது. பரப்பு 2,015 ஹெக்டேர் சொச்சம். அதற்குள் அரிட்டாபட்டியும் வந்தது.

அரிட்டாபட்டி சும்மா ஒரு கிராமம் இல்லை. 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அரசு அறிவித்த ஊர். மீனாட்சிபுரத்தையும் சேர்த்து 193 ஹெக்டேர். ஏழு குன்றுகள், அவற்றிலிருந்து கசியும் சுனைகள், சுனைகளை நம்பிய கண்மாய்கள். குன்றில் சமணப் படுகை, தமிழி எழுத்தில் கல்வெட்டு, பாண்டியர் காலக் குடைவரைச் சிவன் கோயில். லகுடு வல்லூறு பறக்கும் வானம். இருநூற்றுக்கும் மேற்பட்ட பறவை இனங்கள்.

ஊர் கொதித்தது. டிசம்பர் 9 அன்று சட்டமன்றத்தில் எதிர்ப்புத் தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. அதே மாதக் கடைசியில், தொகுதியின் எல்லையை மறுபடி பாருங்கள் என்று மத்திய அரசு புவியியல் ஆய்வுத் துறைக்குச் சொன்னது. எல்லையைக் கொஞ்சம் தள்ளிப் போடும் சமாதானத்துக்கு யாரும் மசியவில்லை. 2025 ஜனவரி 7 அன்று மேலூர்ப் பக்கத்திலிருந்து மதுரை தல்லாகுளம் வரை ஆயிரக்கணக்கானோர் நடந்தும் வண்டியிலும் வந்தார்கள். ஜனவரி 23 அன்று ஏலம் ரத்து.

சென்னையில் இருந்தபடி இதைப் பார்த்த சிலர், மெட்ரோவும் வேண்டும், போர்வெல்லும் வேண்டும், சுரங்கம் மட்டும் வேண்டாமா என்று கேட்டார்கள். கேள்வியில் ஒரு நியாயம் இருப்பதுபோலத் தெரியும். ஆனால் மேலூருக்குத் துளைக் கருவி என்பது செய்தித்தாளில் படித்த விஷயம் இல்லை. கீழவளவிலும் சுற்றுப்பட்டிலும் ஜாக்ஹேமரும் வைரக் கம்பியும் குன்றுகளைப் பாளம் பாளமாக அறுத்ததை அந்த ஊர்கள் ஒரு தலைமுறையாகப் பார்த்தவை. கிரானைட் முறைகேட்டால் அரசுக்கு 16,338 கோடி ரூபாய் இழப்பு என்று அன்றைய ஆட்சியர் சகாயம் 2012-ல் அரசுக்கு எழுதிய கடிதம் அந்த மாவட்டத்திலிருந்துதான் போனது. கல் போனதோடு கண்மாயும் வாய்க்காலும் காணாமல் போன அனுபவம் அவர்களுடையது. ‘கட்டுப்பாட்டோடு வெட்டுவோம்’ என்ற சொல்லை அவர்கள் ஏற்கெனவே ஒரு முறை கேட்டிருக்கிறார்கள். அவர்களின் ‘வேண்டாம்’ உணர்ச்சி வேகத்தில் வந்ததாகத் தோன்றவில்லை. கணக்குப் பார்த்துச் சொன்னது.

பதின்மூன்று நாள்

தேதிகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் கதை வேறு மாதிரி தெரியும்.

ஜனவரி 23, 2025: மேலூர் ஏலம் ரத்து. ஜனவரி 29: 16,300 கோடி ரூபாய்ச் செலவில் தேசிய முக்கியக் கனிம இயக்கத்துக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல். பிப்ரவரி 4: டங்ஸ்டன் உள்ளிட்ட ஐந்து உலோகங்களின் ஏற்றுமதிக்கு அனுமதி வாங்க வேண்டும் என்று சீனா அறிவிப்பு. எல்லாம் பதின்மூன்று நாளுக்குள்.

சீனா கதவைச் சாத்தவில்லை. தாழ்ப்பாளைக் கையில் வைத்துக்கொண்டது. அதற்கே உலகச் சந்தை ஆடியது. 2025 முடிவதற்குள் ஐரோப்பியச் சந்தையில் டங்ஸ்டன் மூலப்பொருளின் விலை இரட்டிப்பைத் தாண்டியது. எதில் பட்டன் வைத்தாலும் செலவு ஏறும்: குவாரி ஜல்லியின் விலையில், வீட்டு போர்வெல்லின் அடிக்கூலியில், நிலக்கரிச் சுரங்கத்தின் கூம்புப் பல்லில்.

இயந்திரத்துக்கும் இதே கதைதான். ஜெர்மனி நிறுவனம் ஒன்று சீனாவில் தயாரிக்கும் சுரங்க இயந்திரங்களை இந்தியாவுக்கு விற்கச் சீனா தடை போடுகிறது என்று வர்த்தக அமைச்சர் பியூஷ் கோயல் 2024 அக்டோபரில், டெல்லி மெட்ரோ ரயிலுக்குள்ளேயே, ஜெர்மனியின் அப்போதைய துணைச் சான்சலர் ராபர்ட் ஹாபெக்கிடம் முறையிட்ட காணொளி நாடு முழுக்கச் சுற்றியது. ஓடுகிற மெட்ரோவில் நின்றுகொண்டு மெட்ரோ தோண்டும் இயந்திரத்துக்காக மல்லுக்கட்டியது ஒரு நல்ல கார்ட்டூனுக்கு உரிய காட்சி.

சென்னையில் மட்டும் இரண்டாம் கட்ட மெட்ரோவின் மொத்த நீளம் 118.9 கிலோமீட்டர். மதிப்பீடு 63,246 கோடி ரூபாய். 2024 அக்டோபர் தொடக்கத்தில் மத்திய அமைச்சரவை இதற்கு ஒப்புதல் தந்தபோது, காவேரி ஏற்கெனவே ஆற்றைக் கடந்து கரையேறியிருந்தது. இத்தனை கோடிக் கணக்கிலும் பல்லுக்கான செலவு கடுகளவு. ஆனால் பல் வந்து சேராவிட்டால் இயந்திரம் நின்ற இடத்தில் நிற்கும். ஆளுக்கும் மின்சாரத்துக்கும் வட்டிக்கும் ஆகும் செலவு நிற்காது.

பழைய பல், பழைய மண்

மலையைக் குடையாமல் டங்ஸ்டன் கிடைக்குமா? கிடைக்கும். உலகத் தேவையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இப்போதே பழைய சரக்கிலிருந்து மீட்டதுதான். ஒரு வழி எளிமையானது. தேய்ந்த கார்பைடைத் துத்தநாகத்தோடு சேர்த்துச் சூடாக்கினால், துத்தநாகம் உள்ளே புகுந்து கோபால்ட் பாகை ஊதவைத்துவிடும். பிறகு துத்தநாகத்தை ஆவியாக்கிப் பிடித்துக்கொண்டால், உருண்டை உதிர்ந்து மறுபடி தூளாகிவிடும். அந்தத் தூளில் புதுப் பட்டன் சுடலாம்.

மீட்பதற்கு முந்தைய படி இன்னும் மலிவு. தட்டையான பட்டனை வைரக் கல்லால் தீட்டி மறுபடி குமிழாக்கினால் அதே பிட்டு மேலும் பல நூறு அடி ஓடும். திருச்செங்கோட்டுக்காரர்களுக்கு இது புதிதல்ல. எஃகுத் தலையே வெடித்துத் தூக்கிப்போடும் நிலையிலும் பட்டன்களுக்கு விலை உண்டு. ஒரு சாதாரண ஆறரை அங்குல பிட்டின் பட்டன்களை உருவிச் சேர்த்தால் ஒரு கிலோவைச் சுற்றி வரும். உள்ளங்கையில் அடங்கும், கை தாழும். பழைய இரும்புக் கடையில் இரும்புக்கு ஒரு விலை, கார்பைடுக்கு அதைப்போலப் பல மடங்கு விலை. ஆனாலும் குவாரி மேட்டில், ரோட்டோரத்தில், ஆயிரம் அடிக் குழிக்குள் மாட்டிக்கொண்டு கைவிட்ட ஹேமரோடு சேர்ந்து எத்தனையோ கிலோ மண்ணுக்குள் போகிறது.

2025 செப்டம்பரில் மத்திய அரசு முக்கியக் கனிம மறுசுழற்சிக்கு 1,500 கோடி ரூபாய் ஊக்கத்தொகைத் திட்டம் அறிவித்தது. அதில் முன்வரிசையில் பேசப்படுவது மின்கழிவும் லித்தியம் பேட்டரியும். தேய்ந்த பிட்டுக்கு அந்த மேடையில் நாற்காலி போடவில்லை. ‘இதர பழைய சரக்கு’ என்ற கூட்டத்தில் நிற்க வேண்டியதுதான். நாமக்கல், கரூர், கிருஷ்ணகிரிக் குவாரிகளையும் திருச்செங்கோட்டு வண்டிகளையும் வைத்திருக்கும் மாநிலம், பழைய பிட்டைத் திருப்பிக் கொடுத்தால் புதியதில் தள்ளுபடி என்ற ஏற்பாட்டை அரசு டெண்டரிலேயே எழுதிவைக்கலாம். மெட்ரோவும் கேட்கலாம். கேட்கச் செலவில்லை.

டங்ஸ்டனுக்கு இன்னொரு கிடங்கு கர்நாடகத்தில் இருக்கிறது. ஆனால் அதைக் கட்டியது தமிழர் கைகள். கோலார் தங்கவயல். வட ஆற்காட்டிலிருந்தும் சித்தூரிலிருந்தும் போன குடும்பங்கள், பெரும்பாலும் ஒடுக்கப்பட்ட சாதியினர், 1880-களிலிருந்து அந்தப் பாறைக்குள் இறங்கினார்கள். 2024-ல் ‘தங்கலான்’ படம் வந்தபிறகு இளையவர்களுக்கும் அந்தப் பெயர் தெரியும். தொடக்கத்தில் ஒருவர் இரும்புக் கம்பியைப் பிடித்துத் திருப்ப, இன்னொருவர் சம்மட்டியால் அடிக்கும் கைத்துளை. பிறகு காற்றில் ஓடும் துளைக் கருவி வந்தது. வேகம் கூடியது, தூசியும் கூடியது. சம்மட்டி கிளப்பிய தூசி தரையில் விழுந்தது. காற்றுக் கருவி கிளப்பிய நுண்ணிய படிகத் தூசி நுரையீரலுக்குள் போய் உட்கார்ந்தது. இந்தியாவில் சிலிகோசிஸ் நோய் முதலில் கண்டறியப்பட்ட இடம் கோலார் என்று மருத்துவ மாணவர்கள் இன்றைக்கும் படிக்கிறார்கள். துளைக்கும்போதே தண்ணீர் பீய்ச்சினால் தூசி அடங்கும் என்பது தெரிந்த வைத்தியம். நம் தெருவில் புகை கக்கும் போர்வெல் வண்டி அந்த வைத்தியத்தை இன்னும் முழுக்கக் கைக்கொள்ளவில்லை.

சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே போனது. 2001 பிப்ரவரி 28 அன்று எல்லாவற்றையும் மூடினார்கள். மேலே மிஞ்சியது, தங்கம் பிரித்தபின் கொட்டிய மண் குன்றுகள். உள்ளூர்க்காரர்கள் ‘சயனைடு மேடு’ என்கிறார்கள். பதின்மூன்று குவியல்கள், சுமார் 3.3 கோடி டன். அந்த மண்ணில் மிச்சத் தங்கம் மட்டுமல்ல, ஷீலைட் என்ற டங்ஸ்டன் கனிமமும் இருக்கிறது. சுரங்கம் ஓடிய காலத்திலேயே அதைப் பிரித்தெடுத்தார்கள். 2024 ஜூனில் கர்நாடக அமைச்சரவை இந்தக் குவியல்களை ஏலம் விட இசைவு தந்தது. பேச்செல்லாம் தங்கத்தைப் பற்றியே. யாருடைய மலையையும் குடைய வேண்டாம். தாத்தாக்கள் ஏற்கெனவே குடைந்து, பொடித்து, மேலே கொண்டுவந்து போட்டது.

ஆடிக் காற்று எழும்பினால் அந்த மேட்டின் வெள்ளைத் தூள் கிளம்பி, தங்கவயலின் தமிழ்க் குடியிருப்புகளுக்குள் இறங்குகிறது. கொடியில் காயும் துணியை அவசரமாக உருவிக்கொண்டு, சன்னலைச் சாத்துகிறார்கள்.